தளத்துக்கு அடியில் ஆறு திசைகள்

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இப்போது கடற்கரை கிடையாது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று கரையோர ஊர்கள் எல்லாம் அதன் பங்கில் போய்விட்டன. மிச்சம் இருப்பது தறியும் கோபுரமும் ஏரிகளும். அப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு, சிறு படகின் தளத்துக்கு அடியில் எரிபொருள் தொட்டியை எப்படி அசையாமல் பொருத்துவது என்று பேச முடியுமா?

முடியும். தெப்பத் திருவிழா வரும் நாட்களில் காஞ்சியின் கோயில் குளக்கரைக்குப் போனால் போதும். வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தை 2019-க்குப் பிறகு தமிழ்நாட்டில் அறியாதவர் குறைவு. 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே வரும் அத்திவரதர், 1979-க்குப் பிறகு அந்த ஆண்டு ஜூலை 1 முதல் 48 நாள் காட்சி தந்துவிட்டு மறுபடி குளத்துக்குள் போனார். அதே குளத்தில் தெப்ப உற்சவமும் நடக்கும். விளக்கும் பூவும் ஜோடித்த மண்டபம் நீர்மேல் நகர்வதைத்தான் கூட்டம் பார்க்கும். அறிவியல் பார்க்க வேண்டிய இடம் அதற்குக் கீழே இருக்கிறது. இன்றைய தெப்பங்களில் பெரும்பாலானவற்றை மிதக்க வைப்பவை ஒரு காலத்தில் எண்ணெய் சுமந்த காலி இரும்புப் பீப்பாய்கள். தளம், அதன் அடியில் பீப்பாய், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கட்டு: படகுத் தொட்டிக்கும் இதே மூன்றுதான்.

பீப்பாய் எங்கே போகப் பார்க்கிறது?

சந்தையில் கிடைக்கும் 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உயரம் 88 சென்டிமீட்டர், விட்டம் 58 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். தண்ணீருக்குள் முழுதும் அமுக்கினால் சுமார் 220 லிட்டர் நீரை விலக்கும். விலக்கிய நீரின் எடை எவ்வளவோ அவ்வளவு விசையோடு நீர் அதை மேலே தள்ளும் என்பது ஆர்க்கிமிடீஸ் விதி. பீப்பாயின் சொந்த எடை 20 கிலோ என்று கழித்தால், மீதி 200 கிலோ எடையை அது சுமக்கும்.

தெப்பத்தில் பீப்பாய்களைப் படுக்கவைத்துப் பாதி மட்டும் மூழ்கும்படி விடுவதாக வைத்துக்கொள்வோம். அப்போது ஒன்றுக்கு 110 கிலோ மேல்விசை. சொந்த எடை போக 90 கிலோ. மூங்கில், பலகை, மண்டபம், உற்சவர், அர்ச்சகர்கள், வாத்தியக்காரர்கள் எல்லாம் சேர்த்து 9 டன் என்றால் 100 பீப்பாய் வேண்டும். இன்னும் 11 டன் மேல்விசை கையிருப்பில் இருக்கும்.

கணக்கு இவ்வளவு எளிது என்றால் கட்டுவதற்கு அனுபவசாலிகள் ஏன் தேவை? பீப்பாய் மேலே மட்டும் போகப் பார்ப்பதில்லை என்பதால்தான். மேலே தளம் தடுக்கிறது. தடுக்கப்பட்ட பொருள் தப்பிக்கும் வழியைப் பக்கவாட்டில் தேடும். தெப்பத்தின் ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்தால், தளத்தின் அடிப்பரப்பு சாய்தளமாகிவிடும். உருண்டையான பீப்பாய் அந்தச் சாய்வில் உயர்ந்த பக்கத்தை நோக்கி உருளும். அதனால்தான் மூங்கில்களைக் கட்டம் கட்டமாகப் பின்னி, ஒவ்வொரு பீப்பாயையும் ஒரு கட்டத்துக்குள் சிறைவைத்து, அடிவழியாகவும் கயிறு சுற்றுவார்கள். பீப்பாயின் வயிற்றில் புடைத்து நிற்கும் இரண்டு வளையங்கள், கயிறு நழுவாமல் பிடிக்க உதவும்.

எந்தப் பீப்பாய் கழன்றாலும் இழப்பு ஒன்றல்ல. மையத்தில் இருக்கும் பீப்பாய் போனால் 90 கிலோ தாங்குதிறன் போகும், அவ்வளவே. ஓரத்தில் இருப்பது போனால் சாய்வைத் தடுக்கும் சக்தியும் சேர்ந்து போகும். மிதவையின் நிமிரும் திறனில் ஒவ்வொரு பீப்பாயின் பங்கும் மையக்கோட்டிலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு தள்ளி இருப்பது நான்கு மடங்கு உதவும். மிதக்கும் பொருள் எப்போது நிமிரும், எப்போது கவிழும் என்பதற்கு பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே 1746-இல் வெளியிட்ட கப்பல் நூலில் தந்த கணக்குதான் இன்றும் அடிப்படை.

கயிற்றின் கணக்கு

தென்னை நார்க் கயிறு உப்புநீரில் எளிதில் அழுகாது. ஆனால் அறுவதற்கு முன் தன் நீளத்தில் கால் பங்குவரை நீளக்கூடியது. நைலான் வலிமையானது; நனைந்தால் அதில் பத்தில் ஒரு பங்கை இழக்கும், இழுத்தால் அதுவும் நீளும். பாலிபுரொப்பிலீன் தண்ணீரை உறிஞ்சாது. வெயில் அதைத் தின்றுவிடும். ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு குறை இருக்கிறது. கட்டுபவருக்கு முக்கியம் அறுபடும் எல்லை அல்ல, நீளும் அளவு. அறுவதற்கு வெகு முன்பே கயிறு தளர்ந்து, பீப்பாய் ஆடத் தொடங்கிவிடும். ஆடும் பொருள் கயிற்றை அறுக்கும்.

கயிறுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் போதாது என்பது காஞ்சிபுரத்து நெசவாளிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தறியில் பூட்டிய பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே விறைப்பில் நிற்க வேண்டும். சில தளர்ந்தால் அவற்றின் பாரம் பக்கத்து இழைகளுக்குப் போய், விறைப்பாக நிற்பவைதான் முதலில் அறும். ஒரு பீப்பாயை நான்கு கயிறு பிடிக்கிறது என்றால், நான்கும் சம விறைப்பில் இருக்கும்வரைதான் அது நான்கு கயிறு. இல்லையென்றால் ஒரு கயிறும் மூன்று அலங்காரமும்.

கடலில் அதே பீப்பாய், நிரம்பியபடி

இனி கோவளத்துக்கோ காசிமேட்டுக்கோ போவோம். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையெங்கும் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் வேகமாகப் பிடித்தன. அவற்றில் பலவற்றில் எரிபொருள் பிளாஸ்டிக் கேனில்தான் போகிறது. விசைப்படகுகளில் தனித் தொட்டி உண்டு. பல நாள் கடலில் தங்கும் படகுகள் ஆயிரக்கணக்கான லிட்டர் டீசலைத் தளத்துக்கு அடியில் சுமக்கின்றன. கணக்கு புரிவதற்கு நாம் 200 லிட்டர் இரும்புத் தொட்டி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். டீசல் தண்ணீரைவிட லேசு, லிட்டருக்கு 0.84 கிலோ. 200 லிட்டர் 168 கிலோ. காலித் தொட்டி 45 கிலோ என்றால் மொத்தம் 213 கிலோ.

இவ்வளவு கனத்தைத் தளத்துக்கு அடியில், படகின் முதுகெலும்பான ஏராவுக்குப் பக்கத்தில் தாழ வைப்பதில் லாபம் உண்டு. படகின் கனமையம் கீழே இறங்கும். அணியத்துக்கும் பின்பகுதிக்கும் நடுவில் வைத்தால், எண்ணெய் தீரத் தீரப் படகு முன்னாலோ பின்னாலோ தூக்கிக்கொள்ளாது. இந்த இரண்டு காரணங்களைக் கேட்டதும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். கனமான பொருள், அடியில் இருக்கிறது, அது எங்கே போய்விடும் என்ற எண்ணம்.

கடல் அந்த எண்ணத்தை முதல் அலையிலேயே கலைத்துவிடும். படகு அலையின் உச்சியிலிருந்து விழும் கணத்தில் தொட்டிக்கு எடை ஏறக்குறைய இல்லாமல் போகும். அடுத்த கணம் படகின் வயிறு நீரில் அறையும்போது எடை பல மடங்காகும். மூன்று மடங்கு என்று வைத்தாலே 640 கிலோ. கட்டு தளர்ந்த தொட்டி, முதல் கணத்தில் இருக்கையைவிட்டு எழும்பி, இரண்டாம் கணத்தில் சம்மட்டியாக இறங்கும். ஒரு நாளில் இது ஆயிரக்கணக்கான தடவை நடக்கும்.

முன்பக்கமும் அப்படித்தான். சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் அரிது. உடையும் அலையின் முதுகில் ஏறி மணலில் படகை மோதி நிறுத்துவதுதான் பல ஊர்களில் கரை சேரும் வழி. உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1979-இல் சென்னையை மையமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையேறும் படகுகளுக்கென்றே தனி வடிவங்களைச் சோதித்ததற்கு இந்த அலைதான் காரணம். படகு மணலில் நின்றுவிடும். உள்ளே இருக்கும் 213 கிலோவுக்கு நிற்கும் உத்தேசம் இல்லை. அது அணியத்தை நோக்கி ஓடப் பார்க்கும். எஞ்சினை வேகமாக முடுக்கும்போது பின்னோக்கி இழுக்கும்.

கீழே, முன்னே, பின்னே என்று மூன்று திசைகளைப் பார்த்துவிட்டோம்.

இடமும் வலமும்

பக்கவாட்டில் தொட்டியைவிடத் தொட்டிக்குள் இருப்பது தொல்லை. பாதி நிரம்பிய தொட்டியில் படகு இடப்பக்கம் சாய்ந்தால் எண்ணெயும் இடப்பக்கம் ஓடும். சாய்வைச் சரிசெய்ய வேண்டிய கனம் சாய்வோடு சேர்ந்துகொள்ளும். முழுதும் நிரம்பிய தொட்டியில் எண்ணெய் ஓட இடமில்லை. காலித் தொட்டியில் ஓட எண்ணெய் இல்லை. இடைப்பட்ட நிலைதான் ஆபத்து. படகு கடலில் கழிக்கும் நேரத்தில் பெரும்பகுதி தொட்டி இந்த நிலையில்தான் இருக்கும்.

இப்படித் தடையின்றி ஓடும் நீர்ப்பரப்பு பெரிய கப்பலையும் சாய்க்கும். 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஸேப்ருக் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ கப்பலின் முன்கதவு மூடப்படாமல் இருந்தது. வாகனங்கள் நிறுத்தும் அகன்ற தளத்தில் கடல்நீர் புகுந்து ஒரே பக்கமாக ஓடியது. கப்பல் சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள்.

இந்த விளைவு தொட்டியின் அகலத்தின் கனத்தைப் பொறுத்தது, அதாவது அகலத்தை மூன்று முறை பெருக்கிய அளவை. அகலம் இரட்டித்தால் தொல்லை எட்டு மடங்கு. இந்த விதியே தீர்வையும் தருகிறது. நீளவாக்கில் ஒரு தடுப்புச்சுவர் வைத்துத் தொட்டியை இரண்டாக்கினால் மொத்த விளைவு நான்கில் ஒரு பங்காகும். மூன்றாக்கினால் ஒன்பதில் ஒரு பங்கு. படகின் அகலத்துக்குப் பரப்பிய தட்டையான தொட்டியைவிட, ஏராவை ஒட்டி நீளமாகவும் குறுகலாகவும் கிடக்கும் தொட்டி நல்லது.

தொட்டிக்குள் ஓட்டை போட்ட தகடுகளைத் தடுப்பாக வைப்பதும் உண்டு. எண்ணெய் சுவரில் அறையும் வேகத்தை அவை முறிக்கும். அதனால் பற்றவைப்புகள் தப்பிக்கும். ஆனால் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றால், ஓட்டைகள் வழியாக எண்ணெய் நிதானமாக அந்தப் பக்கம் சேர்ந்துவிடும். ஓட்டைத் தகடு அடியைத் தடுக்கும், சாய்வைத் தடுக்காது. சாய்வுக்கு முழுத் தடுப்புதான் மருந்து.

மேலே: யாரும் நினைக்காத திசை

எடையுள்ள பொருளை மேல்நோக்கிப் போகாமல் கட்ட வேண்டும் என்று சொன்னால் சிரிப்பு வரும். தெப்பம் பார்த்தவருக்கு வராது.

படகில் நீர் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பலகை விரிசல், உடைந்த குழாய், பின்பக்கம் வழிந்த அலை, ஏதோ ஒன்று. நீர் முதலில் தேங்கும் இடம் தளத்துக்கு அடியில், நாம் தொட்டியை வைத்த அதே பள்ளத்தில். நமது தொட்டியின் வெளிக்கொள்ளளவு 210 லிட்டர் என்றால், மூழ்கும்போது அது 215 கிலோ கடல்நீரை விலக்கும். நிரம்பிய தொட்டியின் எடை 213 கிலோ. உப்பிய வயிற்றோடு டீசல் சுமக்கும் இரும்புத் தொட்டிக்கு மூழ்கிய பிறகு எடையே இல்லை!

பயணத்தின் கடைசியில், கால் தொட்டி எண்ணெய் இருக்கும்போது கணக்கு இன்னும் மோசம். 50 லிட்டர் டீசல் 42 கிலோ, தொட்டி 45 கிலோ, ஆக 87. கடல் தள்ளுவது 215. மிச்சம் 128 கிலோ விசை தொட்டியை மேலே உந்துகிறது. கனத்தை நம்பி அடியில் வைத்த பொருள் தெப்பத்துப் பீப்பாயாகிவிட்டது. கட்டு இல்லையென்றால் அது எழும்பித் தளத்தை முட்டும். அதற்குள் எரிபொருள் குழாயைப் பிய்த்துவிடும். நீரை வெளியேற்ற எஞ்சின் ஓட வேண்டிய நேரத்தில் எஞ்சின் நிற்கும். பிளாஸ்டிக் தொட்டியில் பெட்ரோல் என்றால், அது நிரம்பியிருக்கும்போதே மிதக்கும். பெட்ரோல் டீசலைவிட லேசு.

இது படகுக்கு மட்டும் உரிய விசித்திரம் அல்ல. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது, மண்ணில் புதைத்த காலி ஃபைபர் சம்ப்புகள் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்த கதை நம் ஊர்களில் உண்டு. பெட்ரோல் பங்க்குகளில் பூமிக்குள் இருக்கும் தொட்டிகளைக் கான்கிரீட் மேடையோடு இரும்புப் பட்டை போட்டுப் பிணைப்பது இதற்காகத்தான். தொட்டி கனமானது என்ற நம்பிக்கை காற்றில் உண்மை, நீரில் பொய்.

ஆறு பக்கமும் அணை

இந்த அனுபவங்களை எல்லாம் சட்டமாக எழுதிவைத்த நாடுகளில் அமெரிக்கா ஒன்று. அங்கே பெட்ரோல் படகுகளுக்கான கடலோரக் காவல்படை விதி, தொட்டி பொருத்திய இடத்தில் எந்தத் திசையிலும் கால் அங்குலத்துக்கு மேல், அதாவது 6 மில்லிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது என்கிறது. எந்தத் திசையிலும் என்பதில் மேல்திசையும் அடக்கம். தொட்டி தளத்தைத் தாங்கும் தூணாக இருக்கக் கூடாது. எஞ்சின் மீது ஏறி உட்காரக் கூடாது. உலோகத் தொட்டியின் முதுகில் நீர் தேங்கக் கூடாது. அதற்கு வெறும் ஃபோம் மட்டும் தாங்கலாக இருக்கக் கூடாது என்றும் அந்த விதி சொல்கிறது. ஒவ்வொரு ‘கூடாது’வுக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது.

முதலில் இருக்கை. படகின் விலா எலும்புகளான வங்குகளோடு சேர்த்துப் பிணைத்த இரண்டு மூன்று சட்டங்கள்மேல் தொட்டி உட்கார வேண்டும். மெல்லிய ஃபைபர் ஓட்டின்மேல் நேராக வைத்தால், 640 கிலோ அறையும் சில பருவங்களில் ஓடு விரிசல் காணும். சட்டங்கள்மேல் வைத்தால் அடியில் காற்று ஓடும், நீர் தேங்காது.

அடுத்து நான்கு பக்கமும் அணைகட்டைகள். முன், பின், இடம், வலம் என்று தொட்டி ஓட நினைக்கும் வழிகளை இவை அடைக்கும். மேல்வழியை அடைக்கப் பட்டைகள் போட வேண்டும். பட்டையின் முனைகளைச் சாதாரணத் திருகாணியால் ஃபைபரில் முடுக்கினால், இழுவை வரும் நாளில் திருகாணி ஓட்டையோடு வந்துவிடும். சட்டத்தை ஊடுருவிப் போகும் போல்ட்டும், மறுபக்கம் அகலமான வாஷர் தகடும் வேண்டும். 128 கிலோ மேல்விசை அசையாத நீருக்கான கணக்கு; ஆடும் படகில் அதைப்போல் பல மடங்குக்குத் தாங்கும்படி பட்டை போடுவதே விவேகம்.

மூன்றாவது, தொட்டிக்கும் பட்டைக்கும் நடுவே இருக்கும் மெத்தை. கோணித் துணியோ கம்பளியோ வைத்தால் உப்புநீரை உறிஞ்சிக்கொண்டு, காற்று புகாத அந்த ஈரத்தில் அலுமினியத் தொட்டியை அரிக்கும். தொட்டி அடியில் பொத்தல் விழுவது பெரும்பாலும் இப்படித்தான். எவர்சில்வர் பட்டை அலுமினியத்தை நேரடியாகத் தொட்டால், உப்புநீர் நடுவில் நின்று இரண்டையும் மின்கலமாக்கும். அந்த மின்கலத்தில் கரைவது அலுமினியம். நீர் உறிஞ்சாத நியோப்ரின் பட்டையைத் தொட்டியோடு ஒட்டிவிடுவது இரண்டு தொல்லைக்கும் ஒரே பதில்.

நான்காவது, இறுக்கத்துக்கும் எல்லை உண்டு. பாலிஎத்திலீன் தொட்டியில் முதன்முறை பெட்ரோல் நிரப்பி வைத்ததும் பிளாஸ்டிக் எரிபொருளை உறிஞ்சி ஏறத்தாழ 2 சதவீதம் உப்பும். 1 மீட்டர் நீளத் தொட்டி 2 சென்டிமீட்டர் நீளும். காலியாக இருக்கும்போது நான்கு பக்கமும் இறுக அணைகட்டிய தொட்டி, நிரம்பியதும் தன்னையே நெரித்துக்கொள்ளும். அத்தகைய தொட்டிக்கு உப்பும் அளவை விட்டு அணைகட்ட வேண்டும். நிரப்பி, உப்பவிட்டு, பிறகு பட்டையைச் சரிபார்த்து முடுக்க வேண்டும்.

கடைசியாக, பார்க்கும் வழி. தளத்தை மூடி ஒட்டிவிட்டால் தொட்டி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததை யாரும் துடைக்க மாட்டார்கள், முடுக்க மாட்டார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்ப் படுத்துக்கொள்ளும், ஒரு பொறிக்குக் காத்திருக்கும். பட்டைக்கும் குழாய் இணைப்புக்கும் கை எட்டும்படி தளத்தில் ஒரு மூடி வைப்பது செலவில்லாத காப்பீடு.

தெப்பம் கட்டுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு: விழா முடிந்ததும் கட்டை அவிழ்த்து, துருப்பிடித்த பீப்பாயைக் கழித்து, அடுத்த ஆண்டு புதிதாகக் கட்டுகிறார்கள். மீன்பிடிப் படகில் ஒருமுறை கட்டியது பல ஆண்டுக்கு அப்படியே கிடக்கிறது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கரையேறி வண்ணமும் பழுதுபார்ப்பும் காணும் 61 நாள். அந்த நாட்களில் தளத்து மூடியைத் திறந்து, தொட்டியில் இரண்டு கையையும் வைத்து, முன்னும் பின்னும், இடமும் வலமும், கீழும் மேலும் அசைத்துப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் அசைந்தாலே அந்தத் தொட்டி கடலுக்குத் தகுதியற்றது. பட்டையை மாற்றாமல் ஜூன் 15 அன்று படகை இறக்காதீர்கள்.